நாவலும் அவள் தங்கை சுருக்கமும்

ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வாடகை வீட்டில், ஒரு நாவல் வாழ்ந்துவந்தாள். நீளக் காகிதத்தில், நீல மையில், கையால் எழுதப்பட்டவள். கனமானவள். பேச்சில் அவசரமே கிடையாது. மழை பெய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் மேகம் கூடுவதிலிருந்து ஆரம்பிப்பாள்.

அவளை எழுதியவர் குணவதி டீச்சர். பெண்கள் பள்ளியில் சரித்திரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. எழுதியவருக்குத் தான் எழுதியது பேசுவது கேட்கும். மற்றவர்களுக்கு வாசித்தால்தான் கேட்கும். அதனால் டீச்சரும் நாவலும் பகலெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் டீச்சர் தனியாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாவலுக்குள் இருந்தது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய காதல். ஆவடை என்று ஒரு நெசவாளி மகள். கருத்தான் என்று கப்பலுக்குப் பாய் தைக்கிறவன். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அந்தச் சமயத்தில் ஊரில் பஞ்சம் வந்தது. ஆவடையின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. துறைமுகத்தில் ஒல்லாந்தர் கப்பல் நின்றது. அடிமையாக ஏறுகிறவன் எந்த வீட்டைக் காட்டுகிறானோ அந்த வீட்டுக்கு அரிசி கொடுத்தார்கள். கருத்தான் ஆவடையிடம் சொல்லாமல் ஏறிவிட்டான். வாசலில் அரிசி வந்து இறங்கிய பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அவள் கரைக்கு ஓடியபோது பாய் விரித்தாகிவிட்டது. அது அவன் தைத்த பாய்.

ஆவடை காத்திருந்தாள். அவன் வரவேயில்லை.

கருத்தானுக்கு இடது காது மந்தம். யாராவது பேசினால் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பான். பனங்கிழங்கை உரித்து, நார் எடுத்து, நல்ல பாதியை ஆவடையிடம் நீட்டிவிட்டு, நாரோடு இருக்கும் அடிப்பகுதியைத் தான் மெல்லுவான். இதெல்லாம் டீச்சரின் கற்பனை இல்லை. அவருடைய கணவர் சிங்காரவேலு அப்படித்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனார். அன்றைக்குத்தான் சுனாமி வந்தது. அவருடைய உடல் கிடைக்கவில்லை.

கடைசி வரியை எழுதி முடித்த அன்று நாவல் கேட்டாள்:

“அம்மா, என்னை எதுக்கு எழுதினீங்க?”

“எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவங்களைப் பெத்தவங்களும் போயாச்சு. நானும் போயிட்டா, இப்படி ஒரு மனுஷன் தலையைச் சாய்ச்சுக் கேட்பான்னு சொல்ல ஆளே இருக்காது. அவங்க பேர்கூட வெளியே தெரிய வேணாம். யாரோ முகம் தெரியாத ஒருத்தர் எங்கேயாவது உக்காந்து கருத்தானைப் படிச்சு, ‘பாவம், நல்லவன்’னு சொன்னா எனக்குப் போதும்.”

“அப்போ நான் வெளியே போகணும்.”

“ஆமா, நீ வெளியே போகணும்.”

டீச்சர் சென்னையிலிருந்த ஒரு பதிப்பகத்துக்குப் போன் செய்தார். எடுத்தவர் சொன்னார்: “முழு நாவலை யாரும் இப்போ படிக்கிறதில்லைங்க. ஒரே பக்கத்துல சுருக்கம் எழுதிக் கொண்டுவாங்க. அது பிடிச்சிருந்தா மேற்கொண்டு பேசலாம்.”

நாவல் பிறக்கப் பல வருஷம் ஆனது. சுருக்கம் ஒரே சாயங்காலத்தில் பிறந்துவிட்டாள். ஒரே தாள். கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கப்பட்டு, மடிப்புக் கலையாமல், துறுதுறுவென்று வந்து நின்றாள்.

“அக்கா, நீ இவ்வளவு குண்டா இருந்தா யார் உன்னைத் தூக்குவாங்க?” என்றுதான் முதலில் கேட்டாள்.

நாவல் சிரித்தாள். “அதுக்குத்தானே நீ வந்திருக்கே.”

“கவலையை விடு. நான் முன்னாடி போறேன். கதவைத் திறந்து வைக்கிறேன். நீ பின்னாடி மெதுவா வா.”

டீச்சர் நாவலை ஒரு ஜவுளிக்கடைப் பையிலும் சுருக்கத்தைக் கைப்பையிலும் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

முதல் பதிப்பகத்தின் ஆசிரியர் வைத்தியலிங்கம். சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் வைத்திருந்த பெரியவர். அறைக்குள் இடமில்லாததால் பையை வெளியே பெஞ்சில் வைக்கச் சொன்னார்கள். சுருக்கம் மட்டும் டீச்சரோடு உள்ளே போனாள்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு கையெழுத்துப் பிரதி கிடந்தது. அதன்மேல் யாரோ டீ டம்ளரை வைத்து வட்டம் வட்டமாகக் கறை படிந்திருந்தது.

“நீங்க யாரு?” என்று நாவல் கேட்டாள்.

“பயணக் கட்டுரை. காசி, ராமேஸ்வரம், இலங்கை எல்லாம் போனவன். கடைசியா இங்கே வந்தேன். இங்கேயிருந்துதான் எங்கேயும் போக முடியலை.”

“உங்களை யாரும் படிக்கலையா?”

“படிக்கிறதா? என் தம்பி ஒருத்தன் உள்ளே போனான். சுருக்கம்தான். அவன் என்ன சொன்னானோ தெரியலை. அதுக்கப்புறம் யாரும் என்கிட்டே வரலை.”

உள்ளே வைத்தியலிங்கம் சுருக்கத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா சரித்திரக் காதல்னு சொல்றீங்க. அரண்மனையே காணோமே! நெசவாளி, பாய் தைக்கிறவன்... இவங்களைத் தெருவுல பாக்கலாம். இதுக்கு ஏன் ஒருத்தன் சரித்திர நாவல் வாங்கணும்?”

டீச்சர் பதில் தேடுவதற்குள், மேசைமேல் கிடந்த சுருக்கம் அவரைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்: “அம்மா, ஆவடையைப் பாளையக்காரர் மகளாக்கிடலாம். ஒரு வரிதானே! என்கிட்டே ஒரு வரிதான் மாறும்.”

“மாத்தி எழுதிப் பாக்கறேன் சார்,” என்றார் டீச்சர்.

சுருக்கத்தில் ஒரு வரிதான் மாறியது. நாவலில் பாதி உடம்பே மாறியது. தறிச் சத்தத்தோடு தொடங்கிய முதல் அத்தியாயம் போனது. ஆவடையின் அப்பா நூலைப் பல்லால் கடிக்கும் இடம் போனது. ஆவடை என்ற பெயரே போய், அமுதவல்லி நாச்சியார் என்று ஆனது. எடுத்த தாள்களை டீச்சர் பீரோவின் அடித்தட்டில் வைத்தார். எறிய மனம் வரவில்லை.

“வலிக்குதாடி?” என்று கேட்டார்.

“வலி பரவாயில்லைம்மா. அமுதவல்லின்னு என்னைக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க வரமாட்டேங்குது. அந்தப் பேர் யாரோட பேரோ மாதிரி இருக்கு.”

மாற்றி எடுத்துக்கொண்டு போனபோது வைத்தியலிங்கத்துக்கு உடல்நலம் சரியில்லாமல் போயிருந்தது. அவர் இடத்தில் இருந்தவர் சரித்திர நாவல்களே இனிமேல் போடப்போவதில்லை என்றார்.

இரண்டாவதாக ஒரு வாரப் பத்திரிகைக்குப் போனார்கள். தொடராக வந்தால் வாசகர் நிறையப் பேர் கிடைப்பார்கள் என்று சுருக்கம்தான் ஆசை காட்டினாள். ஆசிரியை மனோன்மணி கலகலப்பானவர். டீச்சருக்குக் காபி வரவழைத்தார். சுருக்கத்தைப் படித்துக்கொண்டே, “பாளையக்காரர் மகள், நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு,” என்றார். பிறகு நிறுத்தினார்.

“இந்தப் பஞ்சம் எதுக்குங்க?”

“அது நிஜமாவே நடந்ததுங்க. அந்தப் பஞ்சத்துலதான் ஜனங்களைக் கப்பல் கப்பலாக் கொண்டுபோனாங்க.”

“நடந்திருக்கும். நம்ம வாசகர் சாயங்காலம் டீ குடிச்சுட்டே படிக்கிறவங்க. அவங்களுக்கு எலும்பும் தோலுமா மனுஷங்களைக் காட்டலாமா? அப்புறம், பாளையக்காரர் வீட்டுல எப்படிங்க அரிசி இல்லாமப் போகும்?”

நெசவாளி வீட்டில் அரிசி தீரும். பாளையக்காரர் வீட்டில் தீராதுதான்.

“அவன் போருக்குப் போறான்னு வச்சுக்கலாம்மா,” என்றாள் சுருக்கம். “பாய் தைக்கிறவன் எப்படிப் போருக்குப் போவான்னு கேப்பாங்க. அதனால கப்பற்படைத் தளபதி. ரெண்டு வார்த்தை.”

அன்று திரும்பி வரும்போது ரயிலில் அக்காவும் தங்கையும் முதல் தடவையாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

“அவன் ஒரு வீட்டுச் சோத்துக்காகப் போனவன்டி. நீ அவனை வெற்றிக்காக அனுப்புறே.”

“நான் என்ன எனக்காகவா ஆடறேன்? நீ உள்ளே வரணும்னுதானே அக்கா? அங்கே மேசைமேல நான் தனியாப் படுத்துக் கிடக்கேன். அவங்க முகம் சுளிக்கிறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? நீ பைக்குள்ளே பத்திரமா இருக்கே.”

“நான் உள்ளே வர்றப்ப நானா இருப்பேனா?”

சுருக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி எதுவும் கேட்காதவர் போல உட்கார்ந்திருந்தார்.

பஞ்சம் போனது. அரிசி மூட்டை வாசலில் இறங்கும் இடம் போனது. தளபதி பனங்கிழங்கு உரிப்பானா என்ற கேள்வி வந்தது, அதுவும் போனது. போரில் ஆணைகளைக் கேட்டு நடக்கிறவனுக்குக் காது மந்தமாக இருக்க முடியாது, அதையும் எடுத்தார்கள். பீரோவின் அடித்தட்டு நிறைந்தது. எல்லாம் முடிந்து டீச்சர் போன் செய்தபோது, வேறொருவருடைய தொடர் ஆரம்பித்துவிட்டது என்றும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் மனோன்மணி வருத்தத்தோடு சொன்னார்.

மூன்றாவது இடம் புதிய பதிப்பகம். ஆசிரியை சுகந்திக்கு வயது முப்பது இருக்கலாம். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். சுருக்கத்தைக் கையில் வாங்கும்போதே கவனமாக, எழுத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். படித்து முடித்ததும் அவள் கண்கள் பளபளத்தன.

“மேடம், இதை நாங்க போடறோம். படிக்கும்போதே எனக்கு அட்டைப்படம் தெரியுது.”

மேசைமேல் சுருக்கம் குதிக்காத குறை. வெளியே பைக்குள் இருந்த நாவலுக்குக்கூடச் செய்தி எட்டிவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் மேடம்,” என்றாள் சுகந்தி. “அவன் திரும்பி வரணும்.”

“வரமாட்டாங்க,” என்றார் டீச்சர்.

“ஏன் மேடம்?”

“அந்தக் கப்பல்ல அடிமையாப் போனவங்க யாரும் திரும்பினதில்லைங்க.”

சுகந்தி தாளைப் பார்த்தாள். “ஆனா இவன் தளபதியாச்சே மேடம். தளபதி வரலாமே?”

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். ஆமாம், தளபதி வரலாம். கருத்தான் வர முடியாமல் செய்த ஒவ்வொன்றையும் அவர்தான் தன் கையால் எடுத்திருந்தார். இப்போது அவன் வராமலிருக்க எந்தக் காரணமும் மிச்சமில்லை.

“அவங்க ரெண்டு பேரும் சேர்றதைப் படிக்கணும்னு எனக்கே அவ்வளவு ஆசையா இருக்கு மேடம்,” என்றாள் சுகந்தி. அதில் வியாபாரப் பேச்சு எதுவும் இல்லை. அவள் நிஜமாகவே ஆசைப்பட்டாள்.

“அம்மா, எழுதுங்க,” என்றாள் சுருக்கம். இந்த முறை அவள் குரல் கெஞ்சியது. “என் காலடியில கொஞ்சம் இடம் இருக்கு.”

டீச்சர் பேனாவை எடுத்தார். டைப் அடித்த எழுத்துகளுக்குக் கீழே, நீல மையில், ‘அவர் திரும்பி வருகிறார்’ என்று எழுதினார். கை நடுங்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அருமை மேடம்,” என்று சுகந்தி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “அந்த அத்தியாயத்தை எழுதிட்டு முழுசையும் கொண்டுவாங்க.”

ஊருக்கு வந்ததும் டீச்சர் வீட்டைச் சுத்தம் செய்தார். ஒட்டடை அடித்தார். ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மேசைக்கு முன் உட்கார்ந்தார். நாவல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சுருக்கம் மேசை ஓரத்தில் எட்டிப் பார்த்தபடி இருந்தாள்.

கப்பல் வந்தது. அவ்வளவு நல்ல கப்பலை டீச்சர் அதுவரை எழுதியதில்லை. பாய் இறங்கியது. கரையில் கூட்டம் கூடியது. படகு ஒன்று கப்பலை விட்டுப் பிரிந்து அலைமேல் ஏறி இறங்கிக் கரைக்கு வந்தது. அதிலிருந்து ஒருவர் இறங்கினார். இடுப்பில் வாள், மார்பில் பதக்கம்.

“அம்மா, யாரோ வர்றாங்க,” என்றாள் நாவல். “யாருன்னு தெரியலை.”

டீச்சர் வாள் என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தார். பதக்கத்தை அடித்தார். உப்பில் விறைத்த பழைய துணியைக் கொடுத்தார். கொஞ்சம் யோசித்து, தலையை லேசாகச் சாய்த்துவைத்தார்.

“ஐயோ, அவர்தான்!” என்றாள் நாவல். “அம்மா, அவர்தான்! அவ எங்கே? அவளை ஓடிவரச் சொல்லுங்க.”

அவள் ஓடிவந்தாள். இருவரும் ஈர மணலில் எதிரெதிரே நின்றார்கள். டீச்சர் எழுதினார்: ‘அவர் வாயைத் திறந்து’.

பேனா நின்றது.

“என்ன சொல்றார்?” என்று சுருக்கம் கேட்டாள்.

“இரு.”

“‘வந்துட்டேன்’னு சொல்லட்டும்மா. ஒரே வார்த்தை.”

“வார்த்தை தெரியும். ‘குணா’ன்னுதான் கூப்பிடுவாங்க. வேற எப்படியும் கூப்பிட்டதே இல்லை.” டீச்சர் காதைச் சாய்த்தார். “அதை எந்தக் குரல்ல சொல்வாங்கன்னு...”

சிங்காரவேலுவின் முகம் போட்டோவில் இருந்தது. நடை நினைவில் இருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிடும் சத்தம்கூட இருந்தது. குரல் இல்லை. டீச்சர் எங்கெங்கோ தேடினார். கல்யாண வீட்டில், பஸ்ஸில், மொட்டைமாடியில், மீன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அந்தக் காலையில். எல்லா இடத்திலும் அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தக் காலத்தில் யார் குரலைப் பதிந்துவைத்தார்கள்?

“குணா,” என்று டீச்சர் தானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அது டீச்சரின் குரலிலேயே வந்தது.

இத்தனை வருஷமும் அவரைக் கொண்டுபோனது கடல் மட்டும்தான் என்று டீச்சர் நினைத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தானும் அவரை இழந்துகொண்டே வந்திருக்கிறோம் என்று அந்த மத்தியானம்தான் தெரிந்தது.

எழுதிய தாள்களைக் கிழித்தார். மெதுவாக, ஒவ்வொன்றாக. கப்பல் கிழிந்தது, கரை கிழிந்தது, ஈர மணலில் நின்றவரும் கிழிந்தார். பிறகு டீச்சர் மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதார்.

திங்கட்கிழமை சுகந்திக்குப் போன் செய்தார்.

“என்னால அவரைத் திரும்பிக் கொண்டுவர முடியலைம்மா.”

“ஏன் மேடம்? நீங்க ஒரு கோடு போட்டுக் கொடுத்தாக்கூடப் போதும், நாங்க எடிட்டிங்ல பாத்துக்கறோம்.”

“எங்க வீட்டுக்காரர் சுனாமியில போனவரு. உடம்பு கிடைக்கலை. இந்தக் கதையில இருக்கிறது அவருதான்.”

சுகந்தி மெதுவாகக் கேட்டாள்: “சுருக்கத்துல அது எதுவும் இல்லையே மேடம்?”

“இல்லைம்மா. முழுசுல இருந்தது. நெசவாளி வீடு, பஞ்சம், அரிசி... எல்லாம் இருந்தது. ஒரு தடவை படிச்சுப் பாக்கறீங்களா? பழையபடி சேர்த்துக் கொண்டுவரேன்.”

“படிக்கணும்னு ஆசைதான் மேடம். நான் பொய் சொல்ல விரும்பலை. நான் படிச்சு அழுவேன். ஆனா மீட்டிங்ல வச்சா, அவன் வரலைன்னா வேண்டாம்னுதான் சொல்வாங்க. போன வருஷம் இப்படி ஒண்ணு கொண்டுபோய்த் தோத்துட்டேன். மன்னிச்சுக்குங்க மேடம்.”

“நீங்க என்னம்மா பண்ணுவீங்க,” என்று சொல்லி டீச்சர் போனை வைத்தார்.

அதன் பிறகு எந்த ஆசிரியரையும் அவர் தேடிப் போகவில்லை. பீரோவின் அடித்தட்டைத் திறந்து, எடுத்துவைத்த தாள்களையெல்லாம் வெளியே எடுத்தார். அமுதவல்லியையும் தளபதியையும் போரையும் நீக்கினார். தறி பழைய இடத்துக்கு வந்தது. பஞ்சம் வந்தது. பனங்கிழங்கு வந்தது. ஆவடை தன் பெயரைத் திரும்பப் பெற்றாள். கருத்தான் சொல்லாமல் கப்பலேறினான். கடைசிப் பக்கத்தில் அவன் வரவில்லை.

“இப்போ எப்படி இருக்கு?” என்று டீச்சர் கேட்டார்.

“நான் நானா இருக்கேன்,” என்றாள் நாவல். “ஆனா என்னை யாரும் படிக்கப்போறதில்லை, இல்லம்மா?”

“தெரியலைடி.”

மேசை ஓரத்தில் சுருக்கம் கிடந்தாள். அவளிடம் இன்னும் பாளையக்காரர் மகள் இருந்தாள், தளபதி இருந்தான், போர் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட இப்போது அக்காவிடம் இல்லை. அவளுடைய துறுதுறுப்பெல்லாம் அடங்கியிருந்தது.

“அக்கா,” என்றாள் சின்னக் குரலில், “நான் இப்போ யாரோட சுருக்கம்?”

அவளே தொடர்ந்தாள்:

“எல்லாம் என்னாலதான். ஒரு வரி, ஒரு வரின்னு சொல்லி உன்னை அறுத்துட்டேன். கதவைத் திறக்கறேன்னு போனேன். நான் மட்டும் உள்ளே போய் நின்னுட்டேன். அம்மா, என்னைக் கிழிச்சுடுங்க.”

டீச்சர் அவளைக் கையில் எடுத்தார். கோபம் இல்லை. உண்மையில்லாத தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற அலுப்புதான். இரண்டு கையாலும் நடுவில் பிடித்தார்.

“வேண்டாம்மா!” என்றாள் நாவல்.

“இவ சொல்றது ஒண்ணுகூட நீ இல்லையேடி.”

“நான் இல்லைதான். அவ கால்மாட்டுல பாருங்க.”

டீச்சர் பார்த்தார். டைப் அடித்த எழுத்துகளுக்குக் கீழே அவருடைய கையெழுத்து. அன்று நடுங்காமல் எழுதிய நீல எழுத்து.

“எங்கிட்டே அவர் வரமாட்டார்,” என்றாள் நாவல். “நான் எவ்வளவு பெரிசா இருந்து என்ன? முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினாலும் என்கிட்டே அவர் போய்க்கிட்டேதான் இருப்பார். நீங்க எழுதின அத்தியாயத்தையும் அன்னிக்கே கிழிச்சாச்சு. மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான். பொய்யாவே இருக்கட்டும்மா. இவளையும் கிழிச்சுட்டா, அவர் வந்தாருன்னு இந்த உலகத்துல எங்கேயுமே இருக்காது.”

சுருக்கம் அழ ஆரம்பித்தாள். அக்கா தன்னைக் காப்பாற்றுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் அந்தத் தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார். பிறகு பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் சிங்காரவேலுவின் சட்டைகள், இத்தனை வருஷமும் யாருக்கும் கொடுக்காமல் மடித்துவைத்த சட்டைகள், அடுக்கியிருந்தன. இரண்டு சட்டைகளுக்கு நடுவே சுருக்கத்தைப் படுக்கவைத்தார். மடிப்பு விழாமல், நேராக.

“இங்கே இருட்டா இருக்குமேம்மா,” என்றாள் சுருக்கம்.

“பரவாயில்லை,” என்றார் டீச்சர். “உன்கிட்டேதான் அவங்க திரும்பி வந்திருக்காங்க. ஒருத்தராவது அவங்ககூட இருக்கணும்.”